முதல் துணையைத் தேர்வதும் புதைந்த பொருளைக் கண்டெடுப்பதும்: போக்கிமோன் விளையாட்டுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்ற ஜூன் விடுமுறையில் என் அக்கா மகன் எனது பழைய கேம்பாய் அட்வான்ஸைத் தூசு தட்டி எடுத்து, போக்கிமோன் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடித்து வளர்த்துச் சண்டையிட வைக்கும் போக்கிமோன் ஃபயர்ரெட் விளையாட்டை முதலிலிருந்து தொடங்கினான். ஜுவல் சாங்கியில் 2019 ஏப்ரலில் திறக்கப்பட்ட போக்கிமோன் சென்டரில் வாங்கிய, நெருப்பு வகைப் போக்கிமோனான சார்மண்டரின் பொம்மை சிறு வயதிலிருந்தே அவன் தலையணைக்கு அருகில் இருப்பதால், விளையாட்டின் தொடக்கத்தில் பேராசிரியர் ஓக்கின் மேசையில் இருந்த, ஆளுக்கொரு போக்கிமோன் அடங்கிய மூன்று பந்துகளில் எதை எடுப்பது என்று அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் கல்மேசையில் அமர்ந்து, "மாமா, இந்தக் கல்லுப் பாம்பை என்ன செஞ்சாலும் அடிக்க முடியல" என்று கண் கலங்கினான். அன்று அவனுக்காக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கிய குறிப்புகளே இந்த வழிகாட்டி.

இந்த விளையாட்டுகளில் புதிதாக இறங்குபவர்கள் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். ஒன்று, முதல் துணையாக, அதாவது ஸ்டார்ட்டராக, எதை எடுப்பது என்பது. மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாமல் புதைந்து கிடக்கும் பொருள்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. இவை இரண்டும் ஒரே பழக்கத்தால் கைகூடுபவை என்பதே என் கருத்து. விளையாட்டை வடிவமைத்தவர்கள் எந்த எதிரியையும், எந்தப் பாதையையும், எந்த மூலையையும் காரணமின்றி வைப்பதில்லை. "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பழகியவர் துணையையும் சரியாகத் தேர்வார், புதையலையும் எடுப்பார்.

ஸ்டார்ட்டரைத் தேர்வு செய்தல்

முதலில் செய்ய வேண்டியது, அந்த விளையாட்டின் முதல் மூன்று ஜிம் தலைவர்கள் (ஜிம் எனப்படும் சண்டைக் கூடங்களில் நாம் வெல்ல வேண்டியவர்கள்) எந்த வகையைச் சேர்ந்த போக்கிமோன்களை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது. கடைசி வடிவம் எவ்வளவு கம்பீரமாக இருக்கும் என்பதைப் பார்த்துத் தேர்வு செய்பவர்களே அதிகம். ஆனால் அந்த வடிவம் பெரும்பாலும் 32ஆவது லெவலிலோ 36ஆவது லெவலிலோதான் வருகிறது. அதற்குள் உங்கள் பையில் வேறு பல போக்கிமோன்கள் சேர்ந்துவிடும். ஸ்டார்ட்டர் உண்மையில் தனியாகப் பாரம் சுமக்கும் காலம் முதல் சில மணி நேரம் மட்டுமே. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும்.

ஃபயர்ரெட், லீஃப்கிரீன் விளையாட்டுகளையே எடுத்துக்கொள்வோம். 2004இல் வெளியான இவை, 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வந்த முதல் போக்கிமோன் விளையாட்டுகளின் மறுவாக்கம். முதல் ஜிம் தலைவரான ப்ராக், 12ஆவது லெவல் ஜியோடூட் ஒன்றையும் 14ஆவது லெவல் ஓனிக்ஸ் ஒன்றையும் (பையன் சொன்ன கல்லுப் பாம்பு இதுதான்) வைத்திருப்பார். இரண்டுமே பாறை, நிலம் என்ற இரட்டை வகையைச் சேர்ந்தவை. புல் வகைத் தாக்குதலும் தண்ணீர் வகைத் தாக்குதலும் பாறைக்கு இரண்டு மடங்கு, நிலத்துக்கு இரண்டு மடங்கு எனச் சேர்ந்து நான்கு மடங்காக இறங்கும். நெருப்போ பாறையின் மீது பாதியாகக் குறைந்துவிடும். இதோடு, ஒரு போக்கிமோன் தன் சொந்த வகைத் தாக்குதலைப் பயன்படுத்தும்போது ஒன்றரை மடங்கு வலிமை கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கணக்கை நோட்டுப் புத்தகத்தில் போட்டுக் காட்டியபோதுதான் பையனுக்கு விளங்கியது. ஓக் தரும் மூன்றில் புல் வகையான புல்பசோரின் வைன் விப் தாக்குதலின் வலிமை 35. அதை ஒன்றரையாலும் நான்காலும் பெருக்கினால் 210. தண்ணீர் வகையான ஸ்குவர்ட்டிலின் பபிள் வெறும் 20தான் என்றாலும் அதே பெருக்கத்தில் 120 ஆகிறது. சார்மண்டரின் எம்பர் 40 என்று பெரிதாகத் தெரிந்தாலும், ஒன்றரையால் பெருக்கிப் பாதியாக்கினால் 30தான் மிஞ்சுகிறது. ஓனிக்ஸின் அடிப்படைத் தற்காப்பு 160. ஆனால் சிறப்புத் தற்காப்பு 45 மட்டுமே. அந்தத் தலைமுறை விளையாட்டுகளில் புல், தண்ணீர், நெருப்பு மூன்றும் சிறப்புத் தாக்குதல்களாகவே கணக்கிடப்படுவதால், வைன் விப் அதன் வலுவற்ற பக்கத்தில் போய் விழுகிறது. 13ஆவது லெவலில் புல்பசோர் இருந்தால் ஓனிக்ஸ் பெரும்பாலும் ஓரடியில் சாய்ந்துவிடும்.

ஃபயர்ரெட்டில் சார்மண்டர் 13ஆவது லெவலில் மெட்டல் கிளா என்ற எஃகு வகைத் தாக்குதலைக் கற்றுக்கொள்கிறது. பாறையின் மீது இது இரண்டு மடங்காக இறங்கும். எனவே எம்பரைவிட மேல். ஆயினும் இது ஓனிக்ஸின் 160 தற்காப்பின் மீது மோதுவதால், ஓரிரு அடிகளில் வேலை முடிந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதற்குள் ஓனிக்ஸின் பாறைத் தாக்குதலான ராக் டூம், நெருப்பு வகையான சார்மண்டரின் மீது இரண்டு மடங்காக விழுந்துகொண்டிருக்கும்.

அடுத்த ஜிம்முக்கு வந்தால், மிஸ்டியிடம் 21ஆவது லெவல் ஸ்டார்மி இருக்கிறது. தண்ணீருக்கு எதிராகப் புல்லே சிறந்தது. மூன்றாவதான லெஃப்டினென்ட் சர்ஜின் மின்சாரத் தாக்குதல்கள் புல் வகையின் மீது பாதியாகக் குறையும். ஆக, புல்பசோரை எடுத்தவர் முதல் மூன்று ஜிம்களையும் அதிகச் சிரமமின்றிக் கடப்பார். ஸ்குவர்ட்டில் ப்ராக்கிடம் எளிதாக வெல்லும், மிஸ்டியிடம் தாக்குப்பிடிக்கும், சர்ஜிடம் துன்பப்படும், பிறகு பிளெய்னின் நெருப்பு ஜிம்மிலும் ஜியோவான்னியின் நில ஜிம்மிலும் மீண்டும் தலை நிமிரும். சார்மண்டருக்கு முதல் இரண்டுமே மேட்டு நிலம். நான்காவதான எரிக்காவின் புல் ஜிம்மில்தான் அதன் காலம் பிறக்கும்.

அப்படியானால் சார்மண்டரை விரும்பும் குழந்தையிடம் அதை எடுக்காதே என்று சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. அன்பால் தேர்ந்தெடுத்த துணையோடு நாற்பது மணி நேரம் விளையாடுவது வேறு, கணக்கால் தேர்ந்தெடுத்த துணையோடு விளையாடுவது வேறு. சார்மண்டரை எடுப்பவர் அதன் குறையை வேறொன்றால் நிரப்பத் தெரிந்திருந்தால் போதும். இதுவே இரண்டாவது படி. விரிடியன் நகரத்துக்கு மேற்கே உள்ள 22ஆம் பாதையில் மேன்கி கிடைக்கும். அது சண்டை வகை. அதன் லோ கிக் பாறையின் மீது இரண்டு மடங்காக இறங்கும். அந்தப் பாதையில் கதைக்கு இப்போதைக்கு எந்த வேலையும் இல்லை. பிறகு ஏன் அதை இவ்வளவு சீக்கிரம் திறந்து வைத்திருக்கிறார்கள்? இந்தக் கேள்வியை நான் கேட்ட மறுநாளே என் அக்கா மகன் மேன்கி ஒன்றைப் பிடித்து வளர்த்து, ப்ராக்கை வென்றதற்கான பேட்ஜை வாங்கிக்கொண்டு வந்து காட்டினான். பொம்மையையும் மேசை மேல் உட்கார வைத்திருந்தான்.

மற்ற விளையாட்டுகளுக்கும் இதே முறைதான். ரூபி, சஃபையரில் மட்கிப்பை எடுத்தால் முதல் ஜிம்மின் பாறைகள் எளிது. 16ஆவது லெவலில் அது மார்ஷ்டாம்ப் ஆகித் தண்ணீரோடு நில வகையையும் பெறுவதால் மூன்றாவது ஜிம்மின் மின்சாரம் அதைத் தொடவே தொடாது; நான்காவது ஜிம் நெருப்பு. புல் வகைத் தாக்குதல் மட்டும் நான்கு மடங்காக விழும் என்பதை மறக்கக் கூடாது. டயமண்ட், பெர்ல் விளையாட்டுகளிலோ காரணம் வேறு. கதை முடியும் வரை அங்கு நெருப்பு வகைக்குப் பஞ்சம்; சிம்சார் குடும்பத்தை விட்டால் போனிட்டா குடும்பம் ஒன்றே உண்டு. தண்ணீருக்கும் புல்லுக்கும் குறைவில்லாத இடத்தில் நெருப்பைத் தொடக்கத்திலேயே கையில் வைத்துக்கொள்வது அறிவுடைமை. 2022இல் வந்த ஸ்கார்லெட், வயலெட்டில் ஜிம்களை எந்த வரிசையிலும் அணுகலாம் என்றாலும், லெவலில் மிகக் குறைந்தவை கேட்டியின் பூச்சி ஜிம்மும் பிராசியஸின் புல் ஜிம்மும்தான். இரண்டையும் நெருப்பு வெல்லும் என்பதால் புதியவர்களுக்கு நான் ஃப்யூகோகோவையே சொல்வேன்.

உங்களோடு போட்டியிட்டு வரும் எதிராளி தன் ஸ்டார்ட்டராக எதை எடுப்பார் என்பதும் கணக்கில் சேர வேண்டும். பழைய விளையாட்டுகளில் உங்கள் துணையை வெல்லக்கூடிய வகையையே அவர் எடுப்பார். ஸ்கார்லெட், வயலெட்டின் நெமோனா அதற்கு மாறாக, உங்களுடையதிடம் தோற்கும் வகையை எடுத்துக்கொள்வார். எனவே புதிய விளையாட்டுகளில் தொடக்கத் தேர்வு பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை.

இன்னொரு நுணுக்கம் உண்டு. மூன்றாம் தலைமுறை விளையாட்டுகள் (ரூபி, சஃபையர், ஃபயர்ரெட் அடங்கிய வரிசை) முதல் ஒவ்வொரு போக்கிமோனுக்கும் ஓர் இயல்பு அமைகிறது. மொத்தம் 25 இயல்புகள். அவற்றில் 20, ஒரு திறனைப் பத்து விழுக்காடு கூட்டி வேறொன்றைப் பத்து விழுக்காடு குறைக்கும். பந்தை எடுப்பதற்கு முன் விளையாட்டைச் சேமித்து, இயல்பு பிடிக்காவிட்டால் ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்களை ஒன்றாக அழுத்தி மறுபடியும் தொடங்கலாம். கதையை மட்டும் விளையாடுபவருக்கு இது அவசியமே இல்லை; ஒரு நாள் முழுவதும் இதிலேயே போய்விடும்.

தொலைபேசியில் போக்கிமோன் கோ விளையாடுபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: தொடக்கத்தில் தோன்றும் மூன்றையும் பிடிக்காமல் சில முறை விலகி நடந்தால், நான்காவதாகப் பிக்காச்சு வந்து நிற்கும்.

புதைந்த பொருள்களைத் தேடுதல்

போக்கிமோன் கோ சிங்கப்பூருக்கு வந்தது 2016 ஆகஸ்ட் 6 அன்று. அந்த மாதம் ஹவ்காங் புளோக் 401ஐச் சுற்றி இரவெல்லாம் கூட்டம் நின்றதை நேரில் பார்த்தவர்கள் பலர் இன்னும் இருப்பார்கள். கூட்டம் ஓடிய பக்கம் ஓடினால் அப்போது அரிய போக்கிமோன் கிடைத்தது. கைக்கருவியில் தனியாக விளையாடும்போது வழிகாட்டக் கூட்டம் இல்லை. உங்கள் கண்தான் உண்டு.

கருவி எதுவும் கைக்கு வராத தொடக்கக் காலத்தில் மூன்று வகையான இடங்களைப் பாருங்கள். எங்கும் கொண்டு சேர்க்காத முட்டுச்சந்து முதலாவது. ஒரு பாதை வளைந்து நெளிந்து போய், மரங்களுக்கு நடுவே ஒரு கட்டத்தில் முடிந்து, அங்கே பந்தும் இல்லை, ஆளும் இல்லை என்றால், அங்கே பெரும்பாலும் ஏதோ புதைந்திருக்கிறது. சுற்றுப்புறத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் ஒற்றைக் கல், ஒற்றைப் பூ, குப்பைத் தொட்டி ஆகியவை இரண்டாவது. முன்பு யாரோ அல்லது எதுவோ நின்று வழிமறித்த இடம் மூன்றாவது. இது மிக முக்கியமானது என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

தேடும்போது பொருள் இருக்கும் கட்டத்தின் மேல் நிற்காமல், அதைப் பார்த்தபடி பக்கத்துக் கட்டத்தில் நின்று ஏ பொத்தானை அழுத்த வேண்டும். கண்டபடி அலையாமல், ஏர் உழுவதுபோல் ஒரு வரிசை மேலே, அடுத்த வரிசை கீழே என்று நடந்தால் எந்தக் கட்டமும் விடுபடாது. விரிடியன் காடு இதற்கு நல்ல பயிற்சிக் களம். அங்கே ஒரு போஷனும் (உயிர்வலிமையை ஏற்றும் மருந்து) ஒரு நஞ்சுமுறி மருந்தும் புதைந்திருக்கின்றன.

பிறகு கருவி. ஃபயர்ரெட்டில், புதைந்ததைக் காட்டும் ஐட்டம்ஃபைண்டர் தானாகக் கைக்கு வராது. 30 வகைப் போக்கிமோன்களைப் பிடித்தபின் 11ஆம் பாதையின் சுங்கச்சாவடி போன்ற கட்டடத்தின் மாடிக்குச் சென்று, அங்கே நிற்கும் ஓக்கின் உதவியாளரிடம் பேச வேண்டும். பலர் அந்த மாடிப்படியைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். 1996இன் கருவி, அருகில் பொருள் உண்டா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். ஃபயர்ரெட்டின் கருவி எந்தத் திசையில் என்றும் காட்டும். காட்டிய திசையில் இரண்டு மூன்று அடி வைத்து மீண்டும் அழுத்துங்கள். அம்பு திசை மாறினால் நீங்கள் அதைக் கடந்துவிட்டீர்கள் என்று பொருள்.

இப்போது அந்த மூன்றாவது வகை இடம். 12ஆம் பாதையிலும் 16ஆம் பாதையிலும் ஸ்னோர்லாக்ஸ் வழியை அடைத்துக்கொண்டு தூங்கும். புல்லாங்குழல் ஊதி எழுப்பி, அதைப் பிடித்தாலும் தோற்கடித்தாலும் வழி திறந்துவிடும். எல்லோரும் உடனே கடந்து போய்விடுவார்கள். நானும் என் அக்கா மகனும் பெருவிரைவு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது, அது படுத்திருந்த அதே கட்டத்தின் மேல் அவனை நிற்கச் சொன்னேன். "இங்க ஒண்ணுமே இல்லையே மாமா" என்றான். "அவ்ளோ பெரிய உடம்பு இத்தனை நாள் எதுக்குடா அங்கேயே படுத்துக் கிடந்துச்சு? கருவியை அழுத்திப் பாரு" என்றேன். அழுத்தினான். அம்பு எதுவும் காட்டாமல், பொருள் காலடியிலேயே புதைந்திருப்பதாகக் கருவி சொன்னது. கிடைத்தது லெஃப்ட்ஓவர்ஸ், ஸ்னோர்லாக்ஸ் தின்று மிச்சம் வைத்த உணவு. இதை ஒரு போக்கிமோனின் கையில் கொடுத்துவிட்டால், சண்டையின் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அதன் முழு உயிர்வலிமையில் பதினாறில் ஒரு பங்கு தானாகத் திரும்பும். பெட்டியின் நடுவே அவன் போட்ட சத்தத்தில் எதிரே அமர்ந்திருந்த பாட்டி ஒருவர் சிரித்துவிட்டார். காலடியில் புதைந்த இத்தகைய பொருள்களைக் கருவி இல்லாமல் எடுக்கவே முடியாது என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு பாதைகளிலும் ஒன்று வீதம், மொத்தம் இரண்டு கிடைக்கும்.

பிற்கால விளையாட்டுகளில் கருவியின் உருவம் மாறிக்கொண்டே வந்தது. சன், மூனில் ஸ்டவுட்லேண்ட் என்ற நாயின் மீது ஏறிச் சென்றால் அது மோப்பம் பிடித்துக் காட்டும். 2018இன் லெட்ஸ் கோ விளையாட்டுகளில் உங்கள் துணையின் வால் ஆடுவதே குறிப்பு.

டயமண்ட், பெர்லின் பாதாளச் சுரங்கம் தனிக் கலை. எட்டர்னா நகரத்து முதியவரிடம் எக்ஸ்ப்ளோரர் கிட் பெற்றுக்கொண்டு கீழே இறங்கினால், சுவர்களில் மின்னும் இடங்களைத் தோண்டலாம். தொடங்கும்போதே எத்தனை பொருள்கள் உள்ளே இருக்கின்றன என்று விளையாட்டு சொல்லிவிடும். சுத்தியல் அகலமாக உடைக்கும், ஆனால் சுவரை அதிகம் ஆட்டும். குந்தாலி சிறிதாக உடைக்கும், சுவரும் குறைவாகவே ஆடும். முழுமையாக வெளிப்பட்ட பொருள் மட்டுமே உங்களுக்குச் சேரும். பாதி தெரியும்போது சுவர் இடிந்தால் அது போயிற்று. எனவே தொடக்கத்தில் இங்குமங்குமாகச் சில சுத்தியல் அடிகள் போட்டு ஓரங்கள் எங்கே தெரிகின்றன என்று பார்த்துவிட்டு, பிறகு குந்தாலிக்கு மாறி ஒவ்வொரு பொருளாக முடியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பாதிப் பாதியாகத் திறந்து வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

ஸ்கார்லெட், வயலெட்டில் தரையில் மின்னும் ஒளிப்புள்ளிகளைக் கடந்து செல்லும்போதெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள்; அவை மீண்டும் மீண்டும் தோன்றும். பெரும் புதையல் நான்கு ஆலயங்களில் இருக்கிறது. ஊதா, மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய நிறங்களில் நிறத்துக்கு எட்டாக 32 முளைகள் நாடெங்கும் நடப்பட்டிருக்கின்றன. ஒரு நிறத்தின் எட்டையும் பிடுங்கினால் அதற்குரிய ஆலயம் திறந்து, 60ஆவது லெவலில் ஓர் அரிய போக்கிமோன் காத்திருக்கும். இதில் என் கண்டிப்பான அறிவுரை ஒன்று: டைட்டன் எனப்படும் ஐந்து ராட்சதப் போக்கிமோன்களையும் வென்று நீச்சல், உயரத் தாவல், மிதத்தல், மலையேற்றம் ஆகிய ஆற்றல்களை உங்கள் வாகனப் போக்கிமோன் பெறும் வரை இந்தத் தேடலைத் தொடங்க வேண்டாம். மலையேற்றம் இல்லாமல் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்து நான் இழந்த மாலைப் பொழுதுகள் பல.

கண்டெடுத்ததை என்ன செய்வது? நகெட் என்ற தங்கக் கட்டி விற்பதற்கென்றே உள்ள பொருள். ஒன்று 5,000க்குப் போகும், அதாவது போக்கிமோன்களைப் பிடிக்கும் பந்தான போக் பால் 25இன் விலை. ஸ்டார் பீஸ், பெரிய முத்து ஆகியவற்றையும் தயங்காமல் விற்கலாம். ஆனால் ஃபயர்ரெட்டில் காளான்களை விற்காதீர்கள். மறந்த தாக்குதலைத் திரும்பக் கற்பிக்கும் ஒருவர் பின்னால் தீவுகளில் வருவார்; அவர் ஒரு பெரிய காளானையோ இரண்டு சிறிய காளான்களையோதான் கூலியாகக் கேட்பார். காசுக்கு விற்றுவிட்டுப் பிறகு காளானுக்கு அலைவது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாகிவிடும்.

ஃபயர்ரெட் விளையாடுபவர்கள் கடைசியாக ஒரு கட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாவது ஜிம் தலைவரான ஜியோவான்னி தோற்றபின் மறைந்துவிடுவார். வாசலை நோக்கித் திரும்பாமல், அவர் நின்ற கட்டத்தின் மேல் ஏறி நின்று ஐட்டம்ஃபைண்டரை அழுத்துங்கள். மாச்சோ பிரேஸ் கிடைக்கும். அதைத் தரிக்கும் போக்கிமோனின் வேகம் பாதியாகும். ஆனால் ஒவ்வொரு சண்டையிலும் திறன் வளர்ச்சிக்காகச் சேரும் புள்ளிகள் இரண்டு மடங்காகும். என் அக்கா மகன் அதைச் சாரிசார்ட் ஆகிவிட்ட தன் சார்மண்டரின் கையில்தான் கொடுத்தான்.